நினைவிழந்த குழந்தையின் உடல்நீளத்தைக் கைப்பேசியால் அளத்தல்: அவசரப் பிரிவுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைகளுக்கான அவசர சிகிச்சையில் ஏறக்குறைய எல்லா மருந்துகளும் கிலோ கணக்கில்தான் தரப்படுகின்றன. நின்றுபோன இதயத்தை மீட்க அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், முதல் மின்னதிர்ச்சி கிலோவுக்கு 2 ஜூல், அடங்காத வலிப்புக்கு லோராசெபாம் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதற்கும் அடங்காவிட்டால் ஃபெனிடாயின் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கணக்கு நீள்கிறது. எண்ணூர் விரைவுச் சாலையில் லாரி இடித்துத் தூக்கிவரப்படும் பிள்ளையையும், வியாசர்பாடியிலிருந்து ஆட்டோவில் வலிப்போடு வந்து இறங்கும் பிள்ளையையும் எடைக்கருவியில் நிறுத்த முடியாது. எடை தெரியாத அந்தச் சில நிமிடங்களில் உடலின் நீளத்தை அளந்து எடையைக் கணிப்பதே உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட வழி. வடசென்னையின் மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் 108 ஆம்புலன்ஸிலும் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், மருத்துவ உதவியாளர்கள் ஆகியோர் அந்த நீளத்தைக் கைப்பேசியால் எப்படி அளப்பது, எந்த இடத்தில் அந்த அளவை நம்பக்கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசிக்குரிய இடத்தைச் சொல்லிவிட வேண்டும். குழந்தை விழிப்போடு இருந்தால் எடைக்கருவிதான் முதல் தேர்வு. தாயைப் பிள்ளையோடு நிறுத்தி ஒருமுறையும், பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தாயைத் தனியாக ஒருமுறையும் எடை பார்த்துக் கழித்துக்கொள்வது எந்தச் செயலியையும்விடச் சரியானது. எடை பார்க்க முடியாத நிலையில், கையெட்டும் தூரத்தில் அளவு நாடா இருந்தால் நாடாவை எடுங்கள். நாடா கிடைக்காதபோதும், குழந்தையின் பக்கவாட்டில் நாடாவை விரிக்க இடமில்லாதபோதும், சாலையோரத்திலோ வீட்டுக்குள்ளோ குழந்தையைப் பார்க்கும்போதும்தான் கைப்பேசிக்கு வேலை வருகிறது. அவசரத்தில் நாடா காணாமல் போவது எல்லாப் பிரிவுகளிலும் நடக்கிறது, கைப்பேசியோ எல்லார் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதனாலேயே அதை முறையாகப் பயன்படுத்தக் கற்க வேண்டும் என்று கருதுகிறேன்.

வயதை வைத்து எடையைக் கணிக்கும் சூத்திரங்கள் பாடப்புத்தகத்தில் உண்டு. ஒன்று முதல் ஆறு வயது வரை வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டினால் நான்கு வயதுப் பிள்ளைக்கு 16 கிலோ என்று வரும். ஆனால், ஒரே தெருவில் வளரும் இரண்டு நான்கு வயதுப் பிள்ளைகளுக்குள் நான்கைந்து கிலோ வேறுபாடு இருப்பதைத் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் எவரும் காணலாம். உடல்நீளம் வயதைவிட எடைக்கு நெருக்கமானது என்பதால்தான் 1980களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் பிரோஸ்லோ வண்ணப் பட்டைகள் கொண்ட நாடாவை உருவாக்கினார். அது 3 கிலோ முதல் ஏறக்குறைய 36 கிலோ வரையுள்ள குழந்தைகளுக்கானது. அந்த நாடாவிலும் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. 10 கிலோவுக்கு மேற்பட்ட இந்தியக் குழந்தைகளின் எடையை அது 10 சதவீதத்துக்கும் அதிகமாகக் கூட்டிக் காட்டுகிறது என்று 2008இல் வெளியான ஆய்வு கண்டறிந்தது. கைப்பேசி தருவதும் நீளம் மட்டுமே. அந்த நீளத்தை எடையாக மாற்றும் வேலை, எதிரே கிடக்கும் உடலைக் கண்ணால் பார்க்கும் மனிதருடையது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டால் இந்தக் கட்டுரையின் பாதியைப் படித்துவிட்டீர்கள்.

ஷிஃப்ட் தொடங்கும்போதே செய்ய வேண்டியவை

அவசரம் வந்த பிறகு செயலியைத் தேடிப் பதிவிறக்கக் கூடாது. எந்தச் செயலி, எந்தக் கைப்பேசி என்பதைப் பிரிவுத் தலைவரின் ஒப்புதலோடு முன்பே முடிவுசெய்யுங்கள். செயலிகள் மூன்று வகைப்படும். கேமராவைக் கொண்டு இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவை நேரடியாகக் காட்டுபவை முதல் வகை. ஐஃபோனுடன் வரும் மெஷர் செயலி இந்த வகையைச் சேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்காக கூகுள் இதே பெயரில் தந்த செயலி 2021இல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகவே ஆண்ட்ராய்டில் அந்தந்த நிறுவனம் தரும் செயலியையோ வேறொன்றையோ சோதித்துப் பார்த்த பிறகே ஏற்க வேண்டும். அளவு தெரிந்த ஒரு பொருளைக் குழந்தையின் அருகில் வைத்துப் படமெடுத்துக் கணக்கிடுபவை இரண்டாம் வகை. மூன்றாம் வகை எதையும் அளப்பதில்லை. நாம் உள்ளிடும் நீளத்தையோ வயதையோ கொண்டு மருந்தளவைப் பட்டியலிடுவதோடு அதன் வேலை முடிகிறது. புதியவர்கள் மூன்றாம் வகையை அளக்கும் செயலி என்று எண்ணிவிடுகிறார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டை முப்பரிமாணப் படத்தால் கண்டறிய வெல்ட்ஹங்கர்ஹில்ஃப என்ற ஜெர்மன் அமைப்பு இந்தியாவில் சோதித்த சைல்டு குரோத் மானிட்டர் போன்ற முயற்சிகளும் உண்டு. அவை வளர்ச்சிக் கண்காணிப்புக்கானவை என்பதால், அவசர மருந்தளவுக்கு அவற்றை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

செயலியின் அலகு சென்டிமீட்டரிலும் கிலோவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பேசியின் மண்டலம் அமெரிக்கா என்று அமைந்திருந்தால் அங்குலமும் பவுண்டும் வந்துவிடும். 33 பவுண்டு என்பது 15 கிலோ. பதற்றத்தில் 33ஐக் கிலோ என்று படித்தால் மருந்தளவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். இணையம் இல்லாமலும் செயலி இயங்குகிறதா என்று விமானப் பயன்முறையில் வைத்து ஒருமுறை சோதியுங்கள். கைப்பேசியை நெகிழி உறைக்குள் வைப்பவர்கள் கேமராவுக்கு நேரே உறையை வெட்டிவிட வேண்டும், இல்லையேல் படம் மங்கும். குளிரூட்டிய ஆம்புலன்ஸிலிருந்து காசிமேட்டுக் கடல்காற்றின் ஈரத்துக்குள் இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். துடைக்க மெல்லிய துணி ஒன்று கூடவே இருக்கட்டும்.

கட்டிலின் பக்கச் சட்டத்தில் சரியாக 100 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு பட்டைகளை ஒட்டி, ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் செயலியால் அதை அளந்து பாருங்கள். 98க்கும் 102க்கும் வெளியே காட்டினால் அன்றைக்கு அந்தக் கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டாம். இது என் சொந்த எல்லைக்கோடு. உங்கள் பிரிவு இதைவிடக் கடுமையாக வைத்துக்கொண்டால் நல்லதே. நீளத்தில் நேரும் பிழை எடைக்குச் செல்லும்போது ஏறக்குறைய இரு மடங்காகிறது, அதாவது நீளத்தில் 5 சதவீதம் தவறினால் எடையில் 10 சதவீதம் வரை தவறும் என்பதுதான் இந்தக் கண்டிப்புக்குக் காரணம்.

குழந்தை வந்த பிறகு

அளப்பவர் மூச்சுப்பையை அழுத்துபவராகவோ மார்பை அழுத்துபவராகவோ இருக்கக் கூடாது. சுவாசமும் இதயத் துடிப்பும் காக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது, கையில் வேறு வேலையில்லாத ஒருவர் பக்கவாட்டிலிருந்து அளக்க வேண்டும். இருவர் மட்டுமே இருக்கும் இடத்தில் அளப்பதை விட்டுவிட்டு, தாய் சொல்லும் எடையையோ வயதுச் சூத்திரத்தையோ வைத்து முதல் மருந்தைக் கொடுங்கள். இந்தப் பகுதியில் பல தாய்மார்களுக்குப் பிள்ளையின் எடை தெரிந்திருக்கும். அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள், தாய் சேய் நல அட்டையிலும் குறிப்பு இருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்காமல் கைப்பேசியை எடுப்பது முறையன்று.

கேமராவைப் பிள்ளையை நோக்கித் திருப்பும் கணத்தில், நீங்கள் படம்பிடிப்பதாகவே வீட்டார் எண்ணுவார்கள். அது இயல்பு. ஆகவே ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள்: “அம்மா, போட்டோ எடுக்கலம்மா, புள்ள எவ்ளோ உயரம்னு பாக்குறோம். வெயிட் தெரிஞ்சாதான் மருந்து அளவு போட முடியும்.” இந்த இரண்டு வாக்கியங்களும் பின்னால் நேரக்கூடிய பெரிய சண்டையைத் தடுக்கும்.

குழந்தையை மல்லாந்து படுக்கவைத்து, தலை நேராகவும் பார்வை மேல்நோக்கியும் இருக்கும்படி செய்து, முழங்காலை மெல்ல நீட்டி, பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக வையுங்கள். அளவு உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைதான். கால்விரல் நுனி வரை அளந்தால் சிறு குழந்தைக்கே பத்துச் சென்டிமீட்டர் வரை கூடிவிடும். பெண் குழந்தைகளின் கொண்டையும் பூவும் தலையின் நீளத்தோடு சேர்ந்துவிடும். லைடார் என்ற, ஒளியால் தொலைவை அறியும் உணரி உள்ள ஐஃபோன்களில் தானாக உயரம் காட்டும் வசதியும் நிற்கும் ஆளின் தலைமுடியையோ தொப்பியையோ சேர்த்துத்தான் கணக்கிடுகிறது, படுத்திருக்கும் குழந்தைக்காக அது அமைக்கப்படவில்லை. ஆகவே அந்தத் தானியங்கி எண்ணை நம்பாமல் இரு புள்ளிகளையும் நீங்களே குறியுங்கள். கால் எலும்பு முறிந்திருந்தாலோ கழுத்துத் தண்டில் காயம் இருக்கும் என்ற ஐயம் இருந்தாலோ அளவுக்காக எந்த உறுப்பையும் நீட்டவோ திருப்பவோ கூடாது. காயமில்லாத காலின் பக்கத்தில் அளந்துகொள்ளுங்கள், அதுவும் இயலாவிட்டால் அளப்பதைக் கைவிடுங்கள்.

உச்சந்தலையும் குதிகாலும் உருண்டையானவை என்பதால், திரையில் புள்ளியைச் சரியாக அங்கே பதிப்பது கடினம். கேஸ் ஷீட் பிடிக்கும் அட்டைகள் இரண்டை எடுத்து, ஒன்றைத் தலைக்கு மேலும் மற்றதைக் குதிகாலுக்குக் கீழும் செங்குத்தாக நிறுத்திப் பிடிக்கச் சொல்லி, அவை படுக்கையைத் தொடும் இரு விளிம்புகளுக்கு இடையே அளப்பது என் வழக்கம். இவ்வாறு அளக்கும்போது இரு புள்ளிகளும் ஒரே தளத்தில் அமைவதால் பிழை பெரிதும் குறைகிறது.

செயலி எவ்வாறு தொலைவை அறிகிறது என்பது புரிந்தால் எங்கே ஏமாறும் என்பதும் புரியும். கேமரா காணும் சிறு சிறு புள்ளிகள் நகர்வதையும், கைப்பேசிக்குள் இருக்கும் முடுக்கமானியும் கைரோஸ்கோப்பும் உணரும் அசைவையும் ஒன்றாக வைத்து அது தன் இருப்பிடத்தைக் கணிக்கிறது. லைடார் உள்ள கைப்பேசி மட்டும் ஒளித்துடிப்பு சென்று திரும்பும் நேரத்தையும் துணைக்கு எடுத்துக்கொள்கிறது. ஆகவே கைப்பேசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு புள்ளி குறித்தால் பயனில்லை. முதலில் படுக்கையின் மேல் பக்கவாட்டாக மெல்ல நகர்த்தித் தளத்தை அது அடையாளம் காணும்வரை பொறுத்திருக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சத்தில் பளபளக்கும் பச்சை ரெக்சின் மெத்தையிலும் கறையில்லாத வெள்ளை விரிப்பிலும் பிடித்துக்கொள்ளப் புள்ளிகளே இருக்காது. கட்டம் போட்ட துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் குழந்தையைக் கிடத்தினால் அதே செயலி உடனே தளத்தைக் கண்டுகொள்ளும். வெளிச்சம் குறைந்த இடத்தில் கைப்பேசியின் டார்ச்சை எரியவிடுங்கள்.

ஓடும் ஆம்புலன்ஸில் அளக்காதீர்கள். வண்டி வேகமெடுப்பதையும் திரும்புவதையும் முடுக்கமானி உணர்கிறது. கேமராவோ தன்னோடு சேர்ந்தே நகரும் வண்டியின் உட்புறத்தைப் பார்த்து, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் முரண்படும்போது குறித்த புள்ளி தானாக வழுக்கிப்போகும், திரையில் வரும் எண் மட்டும் உறுதியானது போலத் தோன்றும். வண்டி கிளம்பும் முன் அளந்துவிடுங்கள். தவறினால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலோ பேசின் பிரிட்ஜ் நெரிசலிலோ வண்டி முழுமையாக நிற்கும்போது புதிதாகத் தொடங்கி அளங்கள்.

இரண்டு முறை அளந்து, இரண்டுக்கும் இடையே 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் இரண்டையும் தள்ளிவிட்டு இன்ச் டேப்பை எடுங்கள். மொத்தம் அரை நிமிடத்துக்கு மேல் கைப்பேசியோடு போராடக் கூடாது.

படமெடுத்துக் கணக்கிடும் இரண்டாம் வகைச் செயலியில் ஒரே ஒரு பிழை மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஏ.டி.எம். அட்டையும் பி.வி.சி. ஆதார் அட்டையும் உலகப் பொது அளவான 85.6க்கு 54 மில்லிமீட்டரில் இருக்கின்றன, ஏ4 தாள் 297க்கு 210 மில்லிமீட்டர். அட்டையைப் படுக்கையின் மேல் வைத்து, கேமராவை ஒரு மீட்டர் உயரத்தில் பிடித்தால், குழந்தையின் உடல் நடுக்கோடு படுக்கையிலிருந்து 8 சென்டிமீட்டர் மேலே இருப்பதால் கேமராவுக்கு நெருங்கி, அட்டையைவிடப் பெரிதாகத் தெரியும். 90 சென்டிமீட்டர் குழந்தை 98 சென்டிமீட்டராகக் கணக்காகும். எடையில் அது ஏறக்குறைய 2 கிலோ கூடுதல். ஃபெனிடாயினில் 40 மில்லிகிராம் அதிகம் என்று அதற்குப் பொருள், அந்த மருந்து அளவு கூடினாலும் வேகம் கூடினாலும் இரத்த அழுத்தத்தை வீழ்த்தும், இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கும். ஆகவே அட்டையை மடித்த துணியின் மேல் உயர்த்தி, குழந்தையின் பக்கவாட்டில் உடலின் நடு உயரத்துக்கு வையுங்கள். கேமராவை வயிற்றுக்கு நேர் மேலே, படுக்கைக்கு இணையாகப் பிடியுங்கள். இயன்றவரை உயரத்திலிருந்து எடுப்பதும் இந்தப் பிழையைக் குறைக்கும்.

நீளத்திலிருந்து எடைக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 100 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தையின் நடுநிலை எடை ஏறக்குறைய 15 கிலோ. அதே உயரத்தில் விலா எலும்பு தெரியும் மெலிந்த குழந்தைக்கு அது 13 கிலோவுக்கு அருகில் வரும். அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஆம்பூலைப் பத்து மில்லியாக நீர்த்தபின், முதல் குழந்தைக்கு 1.5 மில்லி, இரண்டாவது குழந்தைக்கு 1.3 மில்லி. இதயம் நின்ற நிலையில் இந்த வேறுபாடு பெரிதன்று. வலிப்புக்குத் தரும் தூக்க மருந்திலோ, அதே வேறுபாடு மூச்சை அடக்கும் பக்கம் சாய்க்கக்கூடும். ஆகவே, நீளத்தை அளந்தவுடன் ஆடையை விலக்கி உடலைப் பாருங்கள். மெலிந்தவரா, நடுத்தரமா, பருத்தவரா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாடாவில் உடல்வாகையும் சேர்த்துக் கணக்கிடும் பாப்பர் முறை தென்னாப்பிரிக்காவில் உருவானது. நம் பகுதிக் குழந்தைகளுக்கு அந்தச் சிந்தனை மிகவும் பொருந்துகிறது என்று கருதுகிறேன்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு அங்கன்வாடிகளில் பயன்படும் மேல்கைச் சுற்றளவு நாடா நல்ல துணை. 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்று பொருள், அப்போது அட்டவணையின் நடு எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. வீக்கம் இருக்கும் குழந்தையிடம் இந்த நாடா ஏமாற்றும். சிறுநீரக நோயால் முகமும் வயிறும் ஊதியிருக்கும் பிள்ளையைப் பருத்த பிள்ளை என்று எண்ணிவிட வேண்டாம், இமையையும் கணுக்காலையும் அழுத்திப் பாருங்கள்.

பருத்த குழந்தைகளின் எண்ணிக்கையும் இப்போது குறைவில்லை. உயிர்காக்கும் முதல் மருந்துகளுக்கு நீளத்திலிருந்து கிடைக்கும் எடையே போதும், பருமனுக்காகக் கூட்ட வேண்டாம். மழைக்காலத்து டெங்குவில் பருத்த பிள்ளைக்கு நரம்புவழித் திரவத்தை உயரத்துக்கேற்ற எடையை வைத்தே கணக்கிட வேண்டும், உண்மையான எடையை வைத்தால் நுரையீரலில் நீர் கோக்கும். எந்தக் கணக்காக இருந்தாலும் பெரியவர்களுக்கான அளவைத் தாண்டக் கூடாது. நீளம் 145 சென்டிமீட்டரைத் தொட்டால் நாடாவையும் செயலியையும் விட்டுப் பெரியவர்களுக்கான அளவுக்கு மாறிவிடுங்கள்.

சொல்வதும் எழுதுவதும்

அளந்தவர் “நீளம் 98, மெலிந்த உடல், 13 கிலோ என்று எடுத்துக்கொள்கிறோம்” என்று உரக்கச் சொல்ல, மருந்து எடுப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டில் வெறும் 13 என்று எழுதாமல், கைப்பேசி அளவிலிருந்து கணித்த எடை என்று சேர்த்து எழுதுங்கள். திருவொற்றியூரிலோ மணலியிலோ முதலுதவி பெற்று எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு அனுப்பப்படும் பிள்ளையின் பரிந்துரைச் சீட்டில் இது மிகவும் முக்கியம், ஏனெனில் அங்குள்ள மருத்துவர் அந்த எண்ணை எடைக்கருவி சொன்னது என்று நம்பித்தான் அடுத்த மருந்தைக் கணக்கிடுவார். நிலை சீரானதும் உண்மையான எடையைப் பார்த்துக் கணித்த எடையை அடித்துத் திருத்துங்கள்.

படமெடுக்கும் செயலியாக இருந்தால், தானாகப் படங்களை இணையக் கிடங்குக்கு அனுப்பும் வசதியை முன்பே நிறுத்திவிட்டு, வேலை முடிந்ததும் படத்தை நீக்கப்பட்டவை தொகுப்பிலிருந்தும் அழித்துவிட வேண்டும். பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்கக்கூட அந்தப் படத்தைப் போடக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஆடை விலக்கப்பட்டுக் கிடக்கும் ஒரு பிள்ளையின் படம் நம் கைப்பேசியில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது.

பழகுவது எப்படி

நோயில்லாத குழந்தைகளிடம் பழகுங்கள். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளை, பெற்றோரின் இசைவோடு, முதலில் கைப்பேசியால் அளந்து எடையைக் கணித்து எழுதிவிட்டு, அதன் பிறகே நீளம் காணும் பலகையிலும் எடைக்கருவியிலும் பாருங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்தவரைப் படுக்கவைத்தும் மூத்தவரை நிற்கவைத்தும் அளப்பதே அட்டவணையின் முறை. படுத்த அளவு நின்ற அளவைவிட ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டர் கூடும். எடைக் கணிப்பு முறை ஒன்றை ஏற்பதற்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் அளவுகோல், நூற்றில் 70 குழந்தைகளுக்காவது கணிப்பு 10 சதவீதத்துக்குள்ளும் 95 குழந்தைகளுக்காவது 20 சதவீதத்துக்குள்ளும் அமைய வேண்டும் என்பது. ஒரு நோட்டில் கணித்த எடை, உண்மையான எடை, எந்தக் கைப்பேசி, யார் அளந்தது ஆகிய நான்கையும் எழுதிவந்தால் உங்கள் கை கூட்டிக் காட்டுகிறதா, குறைத்துக் காட்டுகிறதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும். கைப்பேசி மாறினாலும் இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டாலும் பழைய பக்கத்தை முடித்துக்கொண்டு, கட்டிலின் 100 சென்டிமீட்டர் பட்டையிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.